படகின் நீளத்துக்கு முன் கேட்க வேண்டிய கேள்வி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பொழுதுபோக்கு மோட்டார் படகு வாங்க விரும்புவோருக்காகத் தங்கள் நாளிதழின் வார இணைப்பில் வெளியான கட்டுரையைப் படித்தேன். கையில் உள்ள பணம் இடம்கொடுக்குமானால் பெரிய படகையே வாங்கிவிட வேண்டும், அதுவே பாதுகாப்பானது, சிறியதை வாங்கியவர்கள் எப்படியும் பிறகு பெரியதற்கு மாறத்தான் போகிறார்கள் என்று அக்கட்டுரை முடித்திருந்தது. நெடுநாளாகப் படகு ஓட்டிவருபவன், நண்பர்கள் படகு வாங்கும்போது உடன் சென்று பார்த்துச் சொல்பவன் என்ற முறையில், அந்த முடிவு பாதிதான் சரி என்று எழுதத் தோன்றியது. பெரிய படகின் நன்மைகளை நான் மறுக்கவில்லை. ஆனால் வாங்குபவர் முதலில் தன்னைக் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி நீளத்தைப் பற்றியதாக இருக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. படகு ஓடாத நாட்களில் டிரெய்லரில் ஏறிக் கரையில் நிற்கப்போகிறதா, கயிற்றில் கட்டப்பட்டு நீரிலேயே கிடக்கப்போகிறதா என்பதை முடிவு செய்துவிட்டால், மற்ற கேள்விகளில் பெரும்பாலானவற்றுக்கு விடை தானாகவே வந்துவிடும்.

எடையிலிருந்து தொடங்குகிறேன். 5 மீட்டர் படகையும் 7.5 மீட்டர் படகையும் அருகருகே நிறுத்திப் பார்த்தால், ஒன்றரை மடங்கு நீள வித்தியாசம்தான் கண்ணுக்குத் தெரியும். நீளம் கூடும்போது அகலமும் உயரமும் உடன் கூடுவதால், வடிவம் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கும் பட்சத்தில், பரப்பளவு இரண்டேகால் மடங்காகிறது. எடையோ மூன்று மடங்கையும் தாண்டிவிடுகிறது. திறந்த தளமுள்ள 5 மீட்டர் ஃபைபர் படகை 50 அல்லது 60 குதிரைத்திறன் கொண்ட ஒற்றை அவுட்போர்டு எஞ்சின் (படகின் பின்முனையில் வெளியே மாட்டப்படுவது) நீரின் மேல் எழுப்பி, மேற்பரப்பில் வழுக்கிச் செல்லும்படி ஓட்டிவிடும். அறையுடன் கூடிய 7.5 மீட்டர் படகு அதே போல் எழுந்து ஓட வேண்டுமென்றால் 200 குதிரைத்திறனோ அதற்கும் மேலோ தேவைப்படும். விலை, எரிபொருள், நங்கூரத்தின் கனம், கயிற்றின் தடிமன், கரைக்கு ஏற்றும் கூலி ஆகிய அனைத்தும் இந்த எடையைத்தான் பின்பற்றுகின்றனவே தவிர, விளம்பரத்தில் பெரிய எழுத்தில் அச்சாகும் நீளத்தை அல்ல.

அந்த எடைதான் டிரெய்லர் என்ற எல்லைக்கோட்டையும் போடுகிறது. 5 மீட்டர் திறந்த படகு, எஞ்சின், டிரெய்லர் மூன்றும் சேர்ந்து சுமார் ஒரு டன் அளவில் இருக்கும். நல்ல நடுத்தரக் கார் அதை இழுத்துச் செல்லும். அறையுள்ள 7.5 மீட்டர் படகு எரிபொருளோடும் டிரெய்லரோடும் 3 டன்னை நெருங்கிவிடும். ஐரோப்பிய நாடுகளில் கார்கள் இழுக்கும் பிரேக் உள்ள டிரெய்லருக்கு 3,500 கிலோதான் உச்சவரம்பு. பெரும்பாலான கார்களுக்கு அதில் பாதியைக்கூட இழுக்க அனுமதி கிடையாது. சாலையில் செல்லும் அகலத்துக்கும் வரம்பு உண்டு: ஐரோப்பாவில் பொதுவாக 2.55 மீட்டர், அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் எட்டரை அடி, அதாவது சுமார் 2.6 மீட்டர். உற்பத்தியாளர்கள் பலர் தங்கள் படகை 2.5 மீட்டருக்குச் சற்று மேலே அகலம் போகாமல் நிறுத்திக்கொள்வதன் காரணம் இதுதான். அதற்கு மேல் அகலமான படகை வாங்குபவர், அறிந்தோ அறியாமலோ, நீரில் கட்டிவைக்கும் வாழ்க்கையையும் சேர்த்து வாங்குகிறார்.

நீரில் நிரந்தரமாகக் கிடக்கும் படகு, பயன்படுத்தாத நாட்களிலும் கவனிப்பைக் கேட்டுக்கொண்டே இருக்கும். உப்பு நீரில் அடிப்பாகத்தில் பாசியும் சிப்பிகளும் படிவதைத் தடுக்க, அதற்கென உள்ள வண்ணப்பூச்சை ஆண்டுக்கு ஒருமுறையாவது புதுப்பிக்க நேரிடும். அதற்காகப் படகை மேலே தூக்க வேண்டும், அடிப்பாகத்தை நீர்ப்பீய்ச்சியால் கழுவ வேண்டும், அரித்துப்போன துத்தநாகக் கட்டிகளை மாற்ற வேண்டும். எஞ்சினின் உலோகத்துக்குப் பதிலாகத் தாங்கள் அரித்துப்போவதற்கென்றே பொருத்தப்படும் அக்கட்டிகள் பாதிக்கு மேல் கரைந்தபின் மாற்றாமல் விட்டால், அரிப்பு அடுத்து புரொப்பல்லர் பகுதியைத்தான் பிடிக்கும். இவை போதாதென்று, மழை பெய்த இரவுக்கு மறுநாள் நீரிறைக்கும் பம்ப் ஓடியதா, அதை ஓட்டும் பேட்டரியில் சக்தி மிச்சமிருக்கிறதா, கட்டிய கயிறு எங்காவது உராய்ந்து நைந்திருக்கிறதா என்று யாராவது போய்ப் பார்த்தாக வேண்டும். டிரெய்லரில் வீட்டுக்கு வரும் சிறிய படகை நல்ல தண்ணீரால் கழுவி, எஞ்சினுக்குள் நல்ல தண்ணீரை ஓடவிட்டு, அடியில் உள்ள வடிகால் அடைப்பானைக் கழற்றி, மூடிவைத்துவிட்டால் வேலை முடிந்தது. மறுமுறை இறக்கும்போது அதே அடைப்பானைத் திருக மறந்துவிடாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான். அந்த மறதியும் அடிக்கடி நடப்பதுதான் என்பதால் அடைப்பானை எஞ்சின் சாவியோடு சேர்த்துக் கோத்துவைப்பவர்கள் உண்டு.

டிரெய்லர் படகிலும் தொல்லை இல்லாமல் இல்லை. சரிவில் பின்னோக்கி இறக்கும் திறமை எளிதில் வருவதில்லை. உப்புநீரில் முங்கும் சக்கரத் தாங்கிகளும் பிரேக்குகளும் கவனிக்காவிட்டால் சீக்கிரம் கெட்டுப்போகும். ஒவ்வொரு பயணத்துக்கும் முன்னும் பின்னும் ஒரு மணி நேரமாவது இதிலேயே போய்விடும். நினைத்த மாத்திரத்தில் கயிற்றை அவிழ்த்துக்கொண்டு புறப்படும் வசதி நீரில் கிடக்கும் படகுக்குத்தான் உண்டு. வீட்டுக்கு அருகிலேயே படகுத்துறை அமைந்தவர்களுக்கு இது பெரிய வசதி என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

அடுத்தது கையாளுதல். கட்டுரை இதைத் தொடவே இல்லை என்பதுதான் என் முக்கியமான குறை. திறந்த நீரில் நேராக ஓடும்போது பெரிய படகு நிதானமாகவே இருக்கும். அதன் உண்மையான சுபாவம் துறையில் கட்டும்போதுதான் வெளிப்படும். உயரமான பக்கங்களும் அறையும் கொண்ட படகின் மீது காற்று தள்ளும் விசை, அதன் பக்கவாட்டுப் பரப்புக்கு ஏற்பவும் காற்றின் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பவும் கூடுகிறது. காற்றின் வேகம் இரட்டித்தால் தள்ளும் விசை நான்கு மடங்காகிறது. துறைக்குள் நுழையும்போது படகு மெல்லத்தான் செல்ல வேண்டும், ஆனால் மெல்லச் செல்லும் படகுக்குத் திசைப்பிடி குறைவு. அந்தத் தறுவாயில் பக்கக் காற்று முன்பகுதியைப் பிடித்துத் திருப்பினால், ஓட்டுபவர் பின்னோக்கி எஞ்சினைப் போடுவார், பின்பகுதி ஒருபுறம் இழுக்கும், பக்கத்துப் படகின் கைப்பிடிக் கம்பி ஒரு முழம் தூரத்தில் நிற்கும், உடன் வந்தவர் பதறிக் கையால் தள்ளிவிடப் பார்ப்பார். ஒரு டன் படகைக் காலூன்றித் தள்ளிவிடலாம். மூன்று டன் படகு சிறிய வேகத்தில் வந்தாலும் மனிதக் கை அதை நிறுத்தாது, விரல்களைத்தான் நசுக்கும். இதனால்தான் பெரிய படகுகளில் முன்பகுதியைப் பக்கவாட்டில் தள்ளும் சிறு மோட்டாரைப் பொருத்துகிறார்கள். ஆனால் கயிற்றை எப்போது வீச வேண்டும், எதில் முதலில் சுற்ற வேண்டும் என்று தெரிந்த இரண்டாவது ஆள் செய்யும் வேலையை அந்த மோட்டார் முழுவதுமாகச் செய்துவிடாது. வீட்டில் ஒருவருக்கு மட்டுமே படகில் ஆர்வம் என்றால், அவர் தனியாகக் கட்டி அவிழ்க்கக்கூடிய அளவோடு நிறுத்திக்கொள்வதுதான் விவேகம். அகலக்கால் வைத்தவர்களின் படகுகள் எந்தத் துறையிலும் மூடிய விரிப்போடு கிடப்பதைக் காணலாம்.

இனி அலை. பெரிய படகுக்கு ஆதரவான வாதங்களில் வலுவானது இதுவே என்பதால் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அலையைப் பற்றிப் பேசும்போது உயரத்தை மட்டும் சொல்வது வழக்கமாகிவிட்டது. இரண்டு முகடுகளுக்கு இடையிலுள்ள தூரமே படகின் நீளத்தோடு நேரடியாகத் தொடர்புடையது. ஆழமான நீரில், அடுத்தடுத்த முகடுகள் வரும் இடைவெளியை வினாடிகளில் எண்ணி, அந்த எண்ணின் வர்க்கத்தை 1.56 ஆல் பெருக்கினால் முகடுகளின் தூரம் மீட்டரில் கிடைக்கும். 2 வினாடிக்கு ஒருமுறை வரும் அலைக்கு அது சுமார் 6 மீட்டர். 3 வினாடிக்கு 14 மீட்டர். 4 வினாடிக்கு 25 மீட்டர். ஏரிகளிலும் முகத்துவாரங்களிலும் காற்று எழுப்பும் குறுகிய அலைகள் பெரும்பாலும் முதல் வகையைச் சேர்ந்தவை. அவற்றில் 7.5 மீட்டர் படகு இரண்டு முகடுகளின் மேலும் ஒருசேரப் படிந்து ஓடும். 5 மீட்டர் படகு ஒவ்வொரு பள்ளத்திலும் விழுந்து எழும். அங்கே பெரிய படகின் சுகம் மறுக்க முடியாதது. ஆனால் அலை சற்று நீண்டு 3 வினாடி, 4 வினாடி என்று ஆகும்போது இரண்டு படகுகளுமே முகடுகளுக்கு இடையே இறங்கித்தான் ஏறுகின்றன. அங்கே நீளத்தைவிட எடையும் அடிப்பாகத்தின் வடிவமும் ஓட்டுபவரின் கையும்தான் பேசும்.

அடிப்பாகத்தின் வடிவத்தைத் தனியே குறிப்பிடக் காரணம் உண்டு. பின்முனையில் அளந்தால் 20 பாகைக்கு மேல் சாய்ந்த ஆழ்ந்த 'வி' வடிவ அடிப்பாகம் அலையைக் கிழித்துக்கொண்டு மென்மையாக இறங்கும். ஆனால் நிற்கும்போது பக்கவாட்டில் ஆடும், எழுந்து ஓடக் கூடுதல் எஞ்சின் சக்தியும் கேட்கும். தட்டையான அடிப்பாகம் நிற்கும்போது மேசை போல் அசையாமல் இருக்கும், குறைந்த சக்தியிலேயே எழுந்து ஓடும். சிறிய அலையிலும் அறைந்து அறைந்து முதுகைப் பதம் பார்க்கும். எனவே ஆழ்ந்த அடிப்பாகமும் நல்ல கனமும் கொண்ட 5.5 மீட்டர் படகு, தட்டையான இலகுவான 7 மீட்டர் படகைவிடக் கரடுமுரடான நீரில் சுகமாகச் செல்வதில் வியப்பில்லை. அலையில் படகு விழும்போது அடி முழுவதும் வாங்குவது முன்வரிசையில் உட்கார்ந்திருப்பவரின் முதுகெலும்பு. வயதானவர்களையும் முதுகு வலி உள்ளவர்களையும் எந்த அளவுப் படகிலும் பின்பகுதியில், நடுவில் உட்கார வைப்பதே முறை.

நீளத்தை வைத்துப் பாதுகாப்பைக் கணக்கிடத் தேவையே இல்லாதபடி, படகிலேயே ஒரு தகடு பொருத்தப்பட்டிருக்கும் என்பதைக் கட்டுரையாளர் சொல்லியிருக்கலாம். 2.5 மீட்டர் முதல் 24 மீட்டர் வரையிலான பொழுதுபோக்குப் படகுகளை ஐரோப்பிய விதிகள் நான்கு வகையாகப் பிரிக்கின்றன. 'டி' வகைப் படகு, காற்றின் வேகத்தை 0 முதல் 12 வரை தரம்பிரிக்கும் பியூஃபோர்ட் அளவில் 4 வரையிலான காற்றுக்கும், 0.3 மீட்டர் அலைக்கும், எப்போதாவது எழும் அரை மீட்டர் அலைக்கும் உரியது. 'சி' வகை 6 வரையிலான காற்றுக்கும் 2 மீட்டர் அலைக்கும், 'பி' வகை 8 வரையிலான காற்றுக்கும் 4 மீட்டர் அலைக்கும் உரியவை. அதற்கும் மேற்பட்டது 'ஏ' வகை. அந்தத் தகட்டில் ஏற்றக்கூடிய ஆட்களின் எண்ணிக்கையும் மொத்தச் சுமையும் இருக்கும். நீளமான ஏரிப் படகு ஒன்று 'டி' வகையிலும், அதைவிடக் குட்டையான கடல் படகு ஒன்று 'சி' வகையிலும் இருக்கக்கூடும். இனி இத்தகைய ஒப்பீடுகளை வெளியிடும்போது நீளத்தோடு இந்த வகையையும் சுமை வரம்பையும் சேர்த்து அச்சிடுமாறு தங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

சிறிய படகு என்றாலே ஆபத்து என்ற எண்ணத்துக்கு நேர்மாறான ஒரு விதியும் உண்டு. அமெரிக்காவில் 20 அடிக்குக் குறைவான, 2 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட அவுட்போர்டு படகுகளில் பெரும்பாலானவை, முழுவதும் நீர் நிரம்பினாலும் கவிழாமல் ஏறத்தாழ மட்டமாக மிதக்கும்படி நுரைப்பொருள் அடைத்துக் கட்டப்பட வேண்டும். அதற்கு மேற்பட்ட நீளமுள்ள படகுகளுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ஆகவே நீர் புகுந்துவிட்ட நிலையில் பெரிய படகு மூழ்கிப்போகலாம், சிறியது பற்றிக்கொள்ள இடம் தந்து மிதந்துகொண்டிருக்கலாம்.

அதற்காகச் சிறிய படகின் பலவீனத்தை மூடி மறைக்கக் கூடாது. எஞ்சினோடு 600 கிலோ உள்ள படகில் 80 கிலோ எடையுள்ள ஒருவர் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் நகர்ந்தால், படகு அதை உணரும். மீனைப் பார்க்க மூவர் ஒரே பக்கம் எட்டினால், அந்தப் பக்கத்து விளிம்பு நீருக்கு அருகில் இறங்கிவிடும். எத்தனை பேரை ஏற்றலாம் என்பதற்கு, தகடு இல்லாத படகுகளில், நீளத்தையும் அகலத்தையும் அடியில் பெருக்கி 15 ஆல் வகுக்கும் கணக்கு ஒன்று உண்டு. 16 அடி நீளமும் 6 அடி அகலமும் கொண்ட படகுக்கு அது 6 பேர் என்று வரும். அது நல்ல வானிலைக்கான உச்ச எண். அமைதியற்ற நீரில் நான்கு பேருக்கு மேல் நான் ஏற்றமாட்டேன். நங்கூரத்தைப் பின்பகுதியில் கட்டுவது சிறிய படகில் உயிருக்கே உலை வைக்கும்; எஞ்சினுக்காகத் தாழ்த்தப்பட்ட அந்த இடத்தின் வழியே ஓரிரு அலைகள் ஏறினாலே போதும். ஓட்டுபவர் நீரில் விழுந்தால் எஞ்சினை நிறுத்தும் கயிற்றை உடலில் மாட்டிக்கொள்ளாமல் சிறிய படகை ஓட்டுவது அறிவீனம். 26 அடிக்குக் குறைவான படகுகளில் இதை 2021 முதல் அமெரிக்கச் சட்டமே கட்டாயமாக்கியிருக்கிறது.

எரிபொருளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நான்கு வீச்சு (ஃபோர் ஸ்ட்ரோக்) பெட்ரோல் அவுட்போர்டு எஞ்சின் முழு வேகத்தில் ஓடும்போது, ஒவ்வொரு 10 குதிரைத்திறனுக்கும் மணிக்கு சுமார் 4 லிட்டர் குடிக்கும். 60 குதிரைத்திறன் எஞ்சினுக்கு 23 லிட்டர், 200 குதிரைத்திறன் எஞ்சினுக்கு 75 லிட்டர் என்ற அளவில் வரும். நிதான வேகத்தில் இது வெகுவாகக் குறையும் என்றாலும் இரண்டுக்கும் இடையிலான விகிதம் பெரிதாக மாறாது. போவதற்கு மூன்றில் ஒரு பங்கு, திரும்புவதற்கு ஒரு பங்கு, எதிர்பாராததற்கு ஒரு பங்கு என்ற பழைய விதியைப் பின்பற்றுபவருக்குச் சிறிய தொட்டி தூரத்தைக் கட்டுப்படுத்தும். தொலைவில் உள்ள தீவுக்குப் போய்வர ஆசைப்படுபவர் இந்த இடத்தில் பெரிய படகின் பக்கம் சாய்வது நியாயமே. ஆனால் பெரிய படகை வாங்கிவிட்டு, செலவுக்கு அஞ்சிச் சிறிய எஞ்சினைப் பொருத்துவதைப் போன்ற மோசமான முடிவு வேறில்லை. ஆட்கள் ஏறியதும் அது நீரின் மேல் எழாமல், பின்பகுதி அமிழ்ந்து முன்பகுதி தூக்கியபடி, எதிரே எதுவும் தெரியாமல், எரிபொருளை விழுங்கிக்கொண்டு ஊர்ந்து செல்லும். அதே பணத்துக்குத் தகட்டில் அனுமதித்த உச்சத்துக்கு நெருங்கிய எஞ்சினோடு ஓர் அளவு சிறிய படகு கிடைக்குமானால், கண்ணை மூடிக்கொண்டு அதை வாங்கலாம்.

பெரிய படகுக்கு நான் தயங்காமல் ஓட்டுப் போடும் இடம் ஒன்று உண்டு; அது கழிப்பறை. சொல்லக் கூச்சப்பட்டுப் பலரும் தவிர்க்கும் இந்த விஷயம்தான், குடும்பத்தில் உள்ள பெண்களும் முதியவர்களும் இரண்டாவது முறை படகில் ஏற விரும்புவார்களா என்பதைத் தீர்மானிக்கிறது. நாள் முழுவதும் நீரில் கழிக்க நினைக்கும் குடும்பத்துக்கு மறைவான கழிப்பறையும் வெயிலுக்கு ஒதுங்க நிழலும் ஆடம்பரம் ஆகாது. ஆனால் அறை வந்தால் அதற்கேற்ற எச்சரிக்கையும் வர வேண்டும். எஞ்சினும் மின்னாக்கியும் வெளிவிடும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. அறைக்குள் அதைக் கண்டறியும் கருவி இல்லாமல் யாரும் உறங்கக் கூடாது. எஞ்சின் படகுக்கு உள்ளேயே அமைந்த பெட்ரோல் படகானால், எஞ்சின் அறையில் தேங்கிய பெட்ரோல் ஆவியை வெளியேற்றும் விசிறியை நான்கு நிமிடமாவது ஓடவிட்ட பிறகே சாவியைத் திருப்ப வேண்டும்.

ஆகவே, அடைபட்ட நீர்நிலைகளிலும் கரையை ஒட்டியும் இரண்டு மூன்று பேராக, நினைத்தபோது போய்வர விரும்புபவருக்கு 5 மீட்டரை ஒட்டிய படகே பொருத்தம் என்பேன். திறந்த கடலில் நெடுந்தூரம் செல்பவருக்கும், இரவு தங்குபவருக்கும், முதியவர்களை அழைத்துச் செல்பவருக்கும், கட்டிவைக்கத் துறையில் இடமும் கயிறு பிடிக்கத் தெரிந்த துணையும் இருக்குமானால், பெரியது பொருத்தம். இந்த இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் 6 மீட்டர் அளவில், ஆழ்ந்த அடிப்பாகத்தோடு, டிரெய்லரில் ஏறக்கூடிய ஒன்றைத் தேடுவது நல்லது. எப்போதோ ஒருமுறை வரும் பத்து விருந்தினர்களை மனதில் வைத்து எவரும் படகின் அளவைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். அந்த நாளுக்கு ஒரு படகை வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம்.

எந்த அளவைத் தேர்ந்தாலும், பணம் கொடுப்பதற்கு முன் சோதனை ஓட்டம் ஒன்றை வற்புறுத்திக் கேட்க வேண்டும். விற்பவர்கள் அமைதியான காலை வேளையில், பாதி நிரம்பிய தொட்டியோடு, இரண்டே பேரை ஏற்றிக்கொண்டு ஓட்டிக்காட்டுவார்கள். அந்த நிலையில் எந்தப் படகும் நன்றாகத்தான் ஓடும். காற்று எழும் பிற்பகலில், வழக்கமாக வரப்போகிற அத்தனை பேரையும் ஏற்றி, தொட்டியை நிரப்பி, அலைக்கு எதிராகவும் அலையோடு சேர்ந்தும் ஓட்டிப்பார்க்க வேண்டும். திரும்பி வந்ததும் விற்பவரை இறக்கிவிட்டு, வாங்கப்போகிறவரே பக்கக் காற்றில் பின்னோக்கி வந்து துறையில் கட்டிப்பார்க்க வேண்டும். மூன்றாவது முயற்சியிலும் வியர்த்துக் கொட்டினால், அதற்கு ஓர் அளவு சிறிய படகைக் காட்டச் சொல்லலாம்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்